அடிக்கு ஒன்றரை நூல்

கண்ணுகளா, உங்கள் பெரிய மாமா நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு முடித்ததும் ஒரு ஆளைத் திட்டுவார். பேர் சொல்ல மாட்டார். "அந்தப் பொட்டிக்காரன்" என்பார். "கூட இருந்தே ஒரு நூல அறுத்துப்போட்டான்" என்பார். நீங்களும் அதேபோல் பேசிக்காட்டிச் சிரிப்பீர்கள். போன தீபாவளிக்குச் சின்னவன் பேசிக்காட்டியபோது நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நானும் உங்கள் அம்மாவும் ராயபுரத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். சந்தின் கடைசி வீடு அந்தப் பெட்டிக்காரருடையது. பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. அவர் வெட்டுவார், அவர் வீட்டுக்கார அக்கா மடித்து, மைதாப் பசை தடவி ஒட்டுவார். நான் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பெட்டி சொல்லிவிட்டு வரலாம் என்று முதல்முறை போனபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது இதுதான்:

"மாஸ்டர் அஞ்சடி ஆறங்குலம் இருப்பீங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப எட்டேகால் நூலுங்க" என்றார். சொல்லிவிட்டுப் பெட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே கூப்பிட்டுப் போய்க் காட்டினார். சுவரோரமாக நீளப் பலகை. அதன் மேல் நம் திருப்பூர் ஸ்டேஷன். டிக்கெட் கொடுக்கும் அறை, ஓட்டுக்கூரை, தண்ணீர்த் தொட்டி, பிளாட்பாரம், அதில் நின்றுகொண்டிருந்த ஆறு ரயில் பெட்டிகள், எல்லாம் பெட்டிக்கு வாங்கிய அட்டையில் செய்தது. பிளாட்பாரத்தில் ஒரு சுமைகூலி உட்கார்ந்திருந்தான். பனியன் வேஸ்ட் துணியை முறுக்கிச் செய்த ஆள். தலைப்பாகைகூட இருந்தது.

நீங்கள் மில்லிமீட்டர் படித்தவர்கள். திருப்பூரில் நூல் என்றால் பஞ்சு நூல்தான் ஞாபகம் வரும். ஆசாரிகளுக்கு வேறு ஒரு நூல் உண்டு. ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு நூல் என்று பேர். நிஜத்தில் ஒரு அடி இருந்தால் அவர் வீட்டில் அது ஒன்றரை நூல். இதுதான் அவர் கணக்கு. உலகத்தில் வேறு யாராவது இந்த அளவில் ரயில் செய்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஏன் ஒன்றரை என்று கேட்டேன். அவர் பெட்டிக்கு வெட்டும் அட்டை பதிமூன்றேகால் அங்குல நீளம். நிஜ ரயில் பெட்டி எழுபது அடி. ஒட்டுப் போடாமல் ஒரே அட்டையில் ஒரு பக்கம் முழுசாக வரவேண்டுமானால் அடிக்கு ஒன்றரை நூல்தான் கட்டுமாம். அப்படி வெட்டினால் ஒரு நூல் மிச்சம் விழும். "கத்தி ஓடறதுக்கு அது வேணுமுங்க" என்றார்.

தண்டவாளம் எதில் செய்திருந்தார் தெரியுமா? நிட்டிங் மிஷினில் ஒடிந்துபோன ஊசிகள். வரிசையாக நட்டுவைத்து, எட்டேகால் நூல் இடைவெளி விட்டிருந்தார். சக்கரங்கள் கால்சட்டைப் பொத்தான். மூன்றடிச் சக்கரத்துக்கு நாலரை நூல் வேண்டும், அந்தப் பொத்தான் அச்சாக நாலரை நூல் இருந்தது என்று, பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தது போலச் சொன்னார். அன்று முதல் எங்கள் கம்பெனியில் ஒடிந்த ஊசியெல்லாம் என் சட்டைப் பையில்தான் சேர்ந்தது. உங்கள் அம்மா துணி துவைக்கும்போது கையைக் குத்திக்கொண்டு என்னைத் திட்டியதும் உண்டு.

அவர் அளப்பதைப் பார்க்க வேண்டும். நம் ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதற்குள் இரும்பு அடிக்கோலை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு சன்னலை அளப்பார். மறுநாள் அதன் கம்பி. அதற்கு மறுநாள் படி. ஒரு பெட்டியை அளந்து முடிக்க ஒரு மழைக்காலம் போய்விட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த ஒருவர், ரயிலுக்குச் சட்டை தைக்கப் போகிறாயா என்று கேட்டாராம். "இல்லீங்க, கையக் கொஞ்சம் உள்ள வெச்சுக்குங்க, சன்னல் மறைக்குது" என்று இவர் சொன்னாராம். துணி டேப்பை அவர் தொடமாட்டார். ஆளைப் பொறுத்து நீளும் என்பார். டேப்பைத்தானே கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நான் திரிவேன், எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

நிஜ ஸ்டேஷனில் ஒரு பெஞ்சுக்குக் கால் உடைந்திருந்தது. அவர் பெஞ்சுக்கும் உடைந்திருந்தது. செங்கல் முட்டுக்கொடுத்திருந்தார்கள், இவரும் கொடுத்திருந்தார். ஒருநாள் ஆசாரி வந்து நிஜ பெஞ்சைச் சரிசெய்தபோது இவர் ஓடிவந்து, பெட்டி வேலையைப் போட்டுவிட்டு, தன் பெஞ்சுக்குக் கால் வைத்தார். பிளாட்பாரத்தில் ஒரு வேப்பமரத்தை வெட்டினார்கள். தன் மரத்தைப் பிடுங்க இரண்டு நாள் ஆயிற்று அவருக்கு. பிடுங்கிய இடத்தில் அடிமரத்தை மட்டும் வைத்தார். அக்கா என்னிடம் சொல்வார், "இந்த ஊட்டுல ரயிலு நிக்க எடமிருக்குதுங்க. நான் நிக்கத்தான் எடமில்ல." சொல்லிக்கொண்டே, பலகைமேல் பசை சிந்திவிடாமல் சேலையை ஒதுக்கிக்கொண்டு நடப்பார்.

கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே கணக்குத்தான். மணவறையைப் பார்த்து, "மாப்ள எட்டரை, பொண்ணு ஏழேமுக்கால், பொருத்தந்தானுங்க" என்று என் காதில் சொல்வார். உங்கள் மாமா குள்ளம் என்று நீங்கள் சிரிக்கிறீர்களே, அவரை முதலில் ஏழரை நூல் என்று கூப்பிட்டது அவர்தான். அப்போது உங்கள் மாமாவுக்கு அதில் ஒரு கோபமும் இல்லை. இரண்டு பேரும் அப்படிச் சிநேகம்.

பெரிய பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் தன் பையனுக்குச் சீமை ரயில் ஒன்று வாங்கிவந்திருந்தார். சாவி கொடுத்தால் ஓடும். அதற்கு நம் ஸ்டேஷனைச் செய்து கொடு, வருஷம் முழுக்க என் கம்பெனிப் பெட்டி உனக்குத்தான் என்றார். இவர் அந்த ரயிலைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, அளந்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நல்லா இருக்குதுங்க. ஆனா இது நம்ம ஸ்டேஷன்ல வந்து நின்னா, ஏணி வெச்சுத்தான் ஏறோணுமுங்க."

ஸ்டேஷனைக் கொஞ்சம் பெரிசாகச் செய்தால் போகிறது என்றார் முதலாளி.

"நம்ம ஸ்டேஷன் அத்தன பெருசு இல்லீங்களே" என்றார் இவர். கேலியாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இனி உங்கள் மாமா விஷயத்துக்கு வருகிறேன். அவர் ரயில்வே கேட் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்று தெரியும். ஒருமுறை வேலையே போக இருந்தது என்று முழுசாகத் தெரியாது. ஊருக்கு வெளியே ஒரு கேட்டில் அவர் இருந்தார். டெலிபோன் கிடையாது. அறுநூறு அடி தள்ளி நிற்கும் கைகாட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கை கீழே இறங்கினால் ரயில் வருகிறது, கேட்டை அடைக்க வேண்டும். கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் ஒரு பஞ்சு வியாபாரி, கழிவுப் பஞ்சு போட்டுவைக்கத் தகரக் கொட்டகை ஒன்று போட்டார். பத்தே நாளில் அந்த கேட்டில் ஒரு பஞ்சு வண்டிமேல் கூட்ஸ் வண்டி இடித்துவிட்டது. மாடுகள் தப்பின. வண்டி நொறுங்கி, வண்டிக்காரருக்குக் கை ஒடிந்தது. கேட் திறந்து கிடந்தது.

கொட்டகை மறைத்துவிட்டது, கை இறங்கியது தெரியவில்லை என்றார் மாமா. ஆனால் வியாபாரி பயந்துபோய், மறுநாளே கொட்டகையைப் பிரித்து எடுத்துப் போய்விட்டார். விசாரிக்க வந்தவர்கள் கேட்டில் நின்று பார்த்தார்கள். கைகாட்டி பளிச்சென்று தெரிந்தது. தூங்கிவிட்டுப் பொய் சொல்கிறான் என்று எழுதிக்கொண்டார்கள். மாமாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணை முடிந்தால் நிரந்தரமாகப் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்போது அவர் மூன்று பெண்களுக்குத் தகப்பன். உங்கள் அம்மா தினமும் அழுதாள்.

பெட்டிக்காரர் தானாகவே என்னிடம் வந்தார். "கொட்டாய் இருந்தப்ப என்ன தெரிஞ்சுதுன்னு அட்டையில காட்டிப்போடலாமுங்க மாஸ்டர்" என்றார். கேட் வீடு, தண்டவாளம், கைகாட்டி எல்லாவற்றையும் தானே போய் அளந்தார். அவர் கணக்கில் கேட்டிலிருந்து கைகாட்டிக்கு ஒன்பதடிக்கு மேல் வந்தது. மூன்று பலகை போட்டுச் சேர்த்தார். கொட்டகைத் தகரத்தை மட்டும் அவரால் அளக்க முடியவில்லை. அளக்கிற ஆள் என்று வியாபாரிக்குத் தெரிந்து, வாசலிலேயே நிறுத்திவிட்டார். பழைய தகரம் விலைக்கு வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நான் போனேன். அவர் கண் முன்னாலேயே என் டேப்பை விரித்து அளந்தேன். எழுதிக்கொள்ளத் துணிவில்லை. மனதில் வைத்துக்கொண்டு வந்து பெட்டிக்காரரிடம் சொன்னேன்: எட்டடி எட்டங்குலம்.

தகரத்தை நெட்டுக்குத்தாக நிறுத்திய கொட்டகை என்பதால், பதிமூன்று நூல் உயரத்துக்கு அதைச் செய்தார். கேட் வீட்டின் பின்சுவரைக் கழற்றி வைத்தால், வாசலில் நிற்கும் மாமாவின் கண் உயரத்தில் நம் கண்ணை வைத்துப் பார்க்கலாம். பார்த்தேன். தகரமும் அதற்கு மேல் பெட்டிக்காரர் வீட்டுச் சுவரும்தான் தெரிந்தன. கைகாட்டி இருக்கும் இடமே தெரியவில்லை. மாமாவும் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெட்டிக்காரரைக் கட்டிப்பிடித்து அழுதார்.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டிக்காரர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். சந்தில் யாரோ கூரை வேய, தள்ளுவண்டியில் தகரம் கொண்டுபோயிருக்கிறார்கள். இவர் சும்மா இருப்பாரா, நிறுத்தி அளந்திருக்கிறார். பிறகு கடை கடையாகப் போய் விசாரித்திருக்கிறார்.

"தகரம் ஆறடி, எட்டடி, பத்தடிதானுங்க வருது. எட்டடி எட்டங்குலத்துல யாரும் அடிக்கறதில்லீங்களே, மாஸ்டர்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பனியன் துணி துவைத்தால் சுருங்கும். அதற்காக அடிக்கு ஒரு அங்குலம் கூட்டி வெட்டுவோம். அளவைச் சொல்லும்போதே கூட்டித்தான் சொல்வோம். பத்து வருஷமாக என் வாய்க்கு எட்டடி என்றால் எட்டடி எட்டு. துவைத்தால் சுருங்காத தகரத்துக்கும் நான் சுருக்கத்துக்குக் கூட்டிச் சொல்லிவிட்டேன். அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பன்னிரண்டு நூலுக்கு ஒரு துண்டு அட்டை வெட்டி, கொட்டகை இருந்த இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்க்கச் சொன்னார். தகரத்துக்கு மேலே கைகாட்டியின் கை ஒரு மயிரளவு தெரிந்தது. கைகாட்டியில் கட்டியிருந்த கயிற்றை இழுத்துக் கையை இறக்கினால் அது தகரத்துக்குப் பின்னால் மறைந்தது.

"அப்படியே உட்டுடலாமுங்ணா" என்றேன். "ஒரு நூலுதானுங்களே. அதுல ஒரு குடும்பம் பொழைக்குது."

அவர் அட்டைத் துண்டை எடுத்துவிட்டார். பிறகு ஸ்டேஷன் இருந்த பலகைப் பக்கம் கையைக் காட்டினார்.

"இதுல ஒரு நூலு பொய்யி வெச்சுட்டனுன்னா, அப்பறம் அது அத்தனையும் பொம்மையாப் போயிருமுங்க."

அக்கா பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஒரே ஒரு நாளைக்குப் பொம்மையாவே இருந்துட்டுப் போகட்டுமே" என்றார்.

அவர் கத்தியை எடுத்தார். அடிக்கோலை வைத்து, கொட்டகையின் அடியில் ஒரு நூல் அறுத்தார். 

விசாரணை ஸ்டேஷனிலேயே ஒரு அறையில் நடந்தது. மூன்று பலகையையும் மேஜைகள்மேல் சேர்த்து வைத்தோம். அதிகாரி வெளியூர்க்காரர். "என்னய்யா, கொலு வைக்கிறீங்களா?" என்று கேட்டபடி வந்தார். வந்தவர் ஐந்து நிமிஷத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்துவிட்டார். கேட் வீட்டுக்குள் கண்ணை வைத்து, கையை ஏற்றச் சொல்லிப் பார்த்தார், இறக்கச் சொல்லிப் பார்த்தார். தன் ஸ்கேலை எடுத்துத் தகரத்தை அளந்தார். அப்போது அதன் அடி ஓரம் அவர் கண்ணில் பட்டது. மற்ற இடமெல்லாம் சாம்பல் வர்ணம், அங்கே மட்டும் புது வெட்டு.

"இதைப் புதுசா அறுத்திருக்கே?"

"நேத்து அறுத்தேனுங்க. ஒரு நூலு."

"அறுக்காம இருந்தா?"

"கை தெரியாதுங்க."

மாமா தலையை நிமிர்த்தினார். அவருக்கு அதுவரை தெரியாது.

"அப்ப ஏன்யா அறுத்தே?"

"தகரம் எட்டடிதானுங்க. மொதல்ல வெச்சது தப்பு."

"யார் தப்பு?"

"என் கைத் தப்புங்க."

நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மச்சான் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். அளக்கத் தெரியாதவன் எதற்கு இதையெல்லாம் தூக்கிக்கொண்டு வருகிறாய் என்றார் அதிகாரி. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாழ்நாளில் ஒரு நூல் தவறாத மனுஷன், தலையை ஆட்டி அதை வாங்கிக்கொண்டார்.

மாமாவுக்கு வேலை போகவில்லை. கொட்டகை பாதி மறைத்தது உண்மை, ஆனால் தெரிந்துகொண்டிருந்த கை காணாமல் போனதைக் கவனித்திருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. இரண்டு வருஷம் சம்பள உயர்வு இல்லை, தூரத்துக்கு மாற்றல். அறுத்ததால் அந்த அதிகாரி நம்பினாரா, அறுக்காவிட்டால் மாமா முழுசாகத் தப்பியிருப்பாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. மாமாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "ஒரு நூலு உட்டிருந்தா எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது மாப்ள" என்று பெட்டி கட்டிக்கொண்டு போனார். அந்த அளவைச் சொன்னது நான் என்று அவரிடம் சொல்லவில்லை. உங்கள் அம்மாவிடமும் சொல்லவில்லை. இப்போது இதை இரண்டு பேருக்கும் நீங்கள் படித்துக்காட்டுங்கள்.

கம்பெனிகளில் கொஞ்சநாள் பெட்டிக்காரருக்கு 'ஒரு நூலு' என்றே பேர் நடந்தது. பெட்டி கொண்டுபோனால் வேண்டுமென்றே ஸ்கேல் வைத்து அளப்பார்கள். "அளந்து பாருங்க, நல்லதுதானுங்களே" என்று நிற்பார். ஒருநாள் நான் தாங்கமாட்டாமல், ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் பெட்டிக்கு அட்டை வெட்டிக்கொண்டே சொன்னார்:

"நான் அளக்காதத நான் வெட்டியிருக்கக் கூடாதுங்க மாஸ்டர். அது என் தப்புதானுங்களே."

அதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். அதற்கடுத்த வாரமே, ஊசி தீர்ந்துவிட்டது, கொண்டுவாருங்கள் என்று ஆள் அனுப்பினார். மீட்டர் கணக்கு வந்து ஊரெல்லாம் மாறியபோதும் அவர் நூலை விடவில்லை. சில வருஷம் கழித்து, அக்காவின் சொந்த ஊர் தாராபுரம் பக்கம் என்று அங்கேயே குடிபோனார்கள். ஸ்டேஷனை ஓடு ஓடாகக் கழற்றி, தான் செய்த பனியன் பெட்டிகளிலேயே அடுக்கி வண்டி ஏற்றினார். அக்கா உட்கார அந்த வண்டியில் இடமில்லை. பஸ்ஸில் போனார், சிரித்துக்கொண்டேதான் போனார்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தல். அன்று வியாபாரி வீட்டில் அளந்துவிட்டு வந்து, கூட்டிச் சொன்னது வாய்ப்பழக்கம்தானா, மச்சானுக்காக மனசும் கொஞ்சம் கூட்டியதா? வாய்ப்பழக்கம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றும் யாருக்கும் தெரியாது: அந்தத் தீர்ப்பு வந்த வாரத்திலேயே நான் போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். கவர் வாங்கலாம் என்றுதான் போனேன். வரிசையில் நிற்கும்போது மனம் மாறி, கார்டு வாங்கினேன். ஒட்டி மூட வேண்டாம், படிக்கிறவர்கள் படிக்கட்டும் என்று தோன்றியது. அங்கேயே நின்று அதிகாரிக்கு எழுதினேன். தகரம் எட்டடி எட்டங்குலம் என்று தப்பாகச் சொன்னது நான். பெட்டிக்காரர் கைத் தப்பு ஒன்றும் இல்லை. கீழே என் பேர், வேலை, வீட்டு விலாசம் எல்லாம் எழுதினேன். போஸ்ட் ஆபீஸ் பெட்டியில் போடாமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். பாசஞ்சர் போய்விட்டிருந்தது, பிளாட்பாரத்தில் ஆள் இல்லை. அங்கிருந்த சிவப்புப் பெட்டியின் வாயில் கார்டை நுழைத்து, நுனியைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு விட்டேன்.